போர் நடக்கும்போது வீட்டில் ஒருவருக்கு வருத்தம்: உறவுகளுக்கு எப்படிச் சொல்வது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் ஊர்ப் பக்கம் நோயை 'வருத்தம்' என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு வருத்தம் வந்த 1993இல் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன், அண்ணா கனடாவில் இருந்தார். அந்தச் செய்தியை அவருக்குச் சொன்ன விதத்தில் நாங்கள் ஒரு பெரிய பிழை செய்தோம். அதே பிழையைப் பிறகு எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். அதனால், இத்தனை வருடங்களாகச் சொந்தக்காரரும் நண்பர்களும் இப்போது வளர்ந்துவிட்ட எங்கள் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்தி எப்படி வெளியே போனது?

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் போர் மறுபடி தொடங்கியதும் மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது, ஆனையிறவு வழியாகப் போகும் பெருவீதியும் மூடப்பட்டது. தபால் வரும், ஆனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஒருவர் கொழும்புக்குப் போகிறார் என்று தெரிந்தால் முதல் நாள் பின்னேரமே அவர் வீட்டு விறாந்தையில் பாதி ஊர் நிற்கும், ஒவ்வொருவர் கையிலும் ஒட்டாத கடிதம் (சோதனையில் எப்படியும் திறந்து பார்ப்பார்கள், ஒட்டினால் கொண்டு போகிறவருக்குத்தான் தொல்லை). அவர் பாஸ் (வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டு) எடுத்து, கிளாலியில் இரவோடு இரவாகப் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்து, பூநகரிப் பக்கம் இறங்கி, வன்னிக்குள்ளால் சைக்கிளிலும் டிராக்டரிலும் போய், தாண்டிக்குளத்துச் சோதனையைத் தாண்டினால் வவுனியா. தொலைபேசி அங்கேதான். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய கடிதம் அங்கிருந்தோ கொழும்பிலிருந்தோ தபாலில் சேர்க்கப்படும்.

அந்தப் படகுகளைக் கடற்படை சுட்டது. 1993 ஜனவரி 2ஆம் தேதி இரவு கிளாலியில் பயணம் செய்த சனங்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஆகவே ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது என்றால் யாரோ ஒருவர் தன் உயிரோடு சேர்த்து அதையும் அக்கரைக்குக் கொண்டு போயிருக்கிறார். அதற்குள் நாங்கள் பொய் எழுதி வைத்தோம் என்பதுதான் எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம்.

உண்டியல்காரரும் (வெளிநாட்டிலிருந்து வரும் காசை வங்கி இல்லாமல் கைமாற்றித் தருகிறவர்) ஒரு வழி. காசு கொண்டு வருகிறவர் வாயாலும் நாலு வார்த்தை கொண்டு வருவார், பதிலையும் கொண்டு போவார். ஆனால் வாய்ச்செய்தி நாலு பேரைத் தாண்டும்போது 'காய்ச்சல்' 'கடுமை' ஆகிவிடும், 'கடுமை' 'முடிந்துவிட்டது' ஆகிவிடும். உயிரோடு இருந்த ஒரு கிழவிக்காகப் பாரிஸில் பேரப்பிள்ளைகள் தலை முழுகிய கதை எங்கள் ஒழுங்கையிலேயே நடந்தது.

அப்படி என்ன பொய் எழுதினீர்கள்?

"இங்கு நாம் யாவரும் நலம், உங்கள் நலமறிய ஆவல்." நம் கடிதங்கள் எல்லாமே இப்படித்தான் தொடங்கும், அதனால் எழுதும்போது அது பொய் என்றே கைக்குத் தோன்றாது. ஓகஸ்ட் 8ஆம் தேதி அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அடுத்த நாள் ஊரில் ஒருவர் கொழும்புக்குப் புறப்பட்டார். அம்மா ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி சொல்லச் சொல்ல, மடியில் கொப்பியை வைத்து நான்தான் எழுதினேன். யாவரும் நலம் என்று எழுதினேன். செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு கடிதம், அதிலும் அப்படியே. அப்பாவின் கையெழுத்து இல்லாததற்கு "அப்பா தோட்டத்தில் நிற்கிறார்" என்று ஒரு காரணம் வேறு.

ஏன் மறைத்தீர்கள்? அம்மாவைக் கேட்டீர்களா?

கேட்டேன். அம்மாவின் காரணங்கள் ஒன்றும் லேசானவை அல்ல, இன்றைக்கும் அவற்றை நான் மதிக்கிறேன். அண்ணாவின் அகதி வழக்கு அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. கேள்விப்பட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவான், கொழும்பில் லொட்ஜில் தங்கும் தமிழ்ப் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், அப்பாவைப் பார்க்க வந்து இவனையும் நான் தொலைக்க வேண்டுமா என்று கேட்டார். அப்புறம் இன்னொன்று: "அங்கே தனிய ஒரு அறைக்குள் இருந்து அழுவான், பக்கத்தில் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவும் ஆளில்லை."

இந்த இரண்டாவது காரணத்துக்கு என்னிடம் அன்றும் பதில் இருக்கவில்லை, இன்றும் முழுப் பதில் இல்லை. முதலாவதற்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மறைத்ததால் என்ன கெட்டுப்போனது? எப்படியும் அவரால் வந்திருக்க முடியாதே?

வந்திருக்க முடியாதுதான். எல்லோரும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்: வர முடியாதவனுக்குச் சொல்லி என்ன பயன் என்று. நாள்களை எண்ணிப் பாருங்கள்.

அந்த வருடம் எங்கள் கடிதம் அண்ணாவுக்குப் போய்ச் சேர நாலைந்து கிழமை ஆனது. ஓகஸ்ட் 9ஆம் தேதி உண்மையை எழுதியிருந்தால் செப்டெம்பர் நடுவில் அவருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் எழுதவில்லை. அப்பாவுக்கு நினைவு நன்றாக இருந்தது, பேச்சு மட்டும் குழறும், குழறிக் குழறி அண்ணாவின் பெயரைத்தான் சொல்வார். அதைப் பார்க்க முடியாமல் செப்டெம்பர் 26ஆம் தேதி அம்மாவே "எழுது, உள்ளதை எழுது" என்றார். எழுதினேன். இரண்டு நாளில் கிளாலியை நோக்கி இராணுவ நடவடிக்கை தொடங்கி, படகுப் போக்குவரத்தே குலைந்துபோனது. கடிதத்தை வைத்திருந்தவர் அதைச் சட்டைப் பையில் வைத்தபடி யாழ்ப்பாணத்துக்குள்ளேயே காத்திருந்தார். அப்பா ஒக்டோபர் 14ஆம் தேதி போய்விட்டார். கடிதம் ரொறன்ரோவுக்குப் போனது நவம்பர் நடுவில். அப்பா உயிரோடு இருப்பதாக நினைத்து அண்ணா அன்றிரவே ஒரு கசற்றில் முக்கால் மணி நேரம் கதைத்துப் பதிந்து, மருந்துக்கு என்று காசும் வைத்து, வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கசற் 1994 ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பற்றரி தடைப்பட்ட பொருள், கறுப்புச் சந்தையில் யானை விலை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை நான் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோப் பெட்டி பாடும், சுற்றும் வேகம் குறைந்தால் குரல் இழுபடும். அப்படித்தான் கேட்டோம். "அப்பா, வலது கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கோ, இங்கே என்னோடு வேலை செய்யிற ஒருவருக்கும் இப்படித்தான் வந்தது, ஆறு மாதத்தில் நடக்கிறார்" என்று அண்ணா சொல்கிறார். அம்மா முழுவதையும் கேட்டார். ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஓகஸ்டில் எழுதியிருந்தால் இந்தக் குரல் அப்பாவின் காதுக்கு எட்டியிருக்குமா? அதே கணக்கில் பார்த்தால் ஒக்டோபர் நடுப்பகுதி. எட்டியிருக்கலாம், எட்டாமலும் போயிருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தை இரண்டு பேரிடமிருந்தும் நாங்கள் எடுத்துவிட்டோம்.

சரி, சொன்னால் அவர் உடனே புறப்பட்டு வந்து ஆபத்தில் மாட்டிக்கொண்டால்?

அம்மாவின் முதல் காரணம் இதுதான். செய்தியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். "வர வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் வந்துவிடுவார்கள், ஏனென்றால் எல்லாத் தாயும் அப்படித்தான் எழுதுவாள். "வர வேண்டாம், பாதை பூட்டு, கொழும்பில் பிடிக்கிறார்கள், நீ உள்ளே போனால் உன்னை எடுக்க அலையவும் இங்கே ஆளில்லை" என்று காரணத்தோடு எழுதுங்கள். அதோடு அங்கிருந்தபடியே செய்யக்கூடிய ஒரு வேலையையும் கொடுங்கள்: இந்த மருந்து வேண்டும், இன்னாருக்குப் போன் எடு, குரல் பதிந்து அனுப்பு. ஒன்றும் செய்ய வழியில்லை என்று தோன்றும்போதுதான் ஆள்கள் கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள்.

ஐசிஆர்சியின் செய்திப் படிவம் என்று சொல்வார்களே, அது என்ன?

சர்வதேச செஞ்சிலுவைக் குழு கொண்டுபோய்க் கொடுக்கும் திறந்த கடிதம். ஒரு பக்கத்தில் நீங்கள் எழுதுவீர்கள், பதில் எழுதவும் இடம் இருக்கும். குடும்பச் செய்தி மட்டும்தான். எந்த ஊரில் குண்டு விழுந்தது, யார் யாரைப் பிடித்தார்கள் என்று எழுதினால் அது நின்றுவிடும், அவர்கள் வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பிறப்பு, இறப்பு, நோய், கல்யாணம், எங்கே இருக்கிறோம் என்பது, இவை போகும்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தில் 25ஆம் பிரிவு, போர் நடக்கும் நாட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் தன் குடும்பத்தார் எங்கே இருந்தாலும் அவர்களுக்குச் சொந்தச் செய்தி அனுப்பவும் அவர்களிடமிருந்து பெறவும் வழி செய்ய வேண்டும் என்கிறது. கடிதப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும் என்றால்கூட, அதிகபட்சமாக மாதம் ஒரு படிவம், அதில் தாமே தேர்ந்த 25 சொற்கள் என்ற அளவுக்குத்தான் சுருக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. நாடுகளுக்கு இடையிலான போரை நினைத்து எழுதிய விதி இது, ஆனால் உள்நாட்டுப் போர்களிலும் செஞ்சிலுவைக் குழு இந்த வேலையைச் செய்கிறது, எங்கள் ஊரிலும் செய்தது.

25 சொல்லில் ஒரு நோயைச் சொல்ல முடியுமா?

முடியும், நான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

"அண்ணா, அப்பாவுக்கு ஓகஸ்ட் 8இல் பாரிசவாதம். வலப்பக்கம் இயங்கவில்லை. பேச்சு குழறுகிறது, நினைவு தெளிவு. பெரியாஸ்பத்திரியில் அம்மா துணைக்கு நிற்கிறார். மருந்து கிடைக்கிறது. வர வேண்டாம். குரல் பதிந்து அனுப்புங்கள். அப்பா உங்களைக் கேட்கிறார்."

எண்ணிப் பார்த்தால் சரியாக 25. இதில் எதை விட்டாலும் திகதியை விடாதீர்கள். போர்க்காலத்தில் செய்தி பழையதாகித்தான் வந்து சேரும், திகதி இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறவர் எதை நம்புவது? 'கடுமை' என்ற சொல் மூன்று நாளைக்கு முந்தியதா மூன்று மாதத்துக்கு முந்தியதா என்று தெரியாமல் அங்கே ஒருவர் பித்துப் பிடித்தவர் மாதிரி நடப்பார். அடுத்தது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது. தூரத்தில் இருப்பவர் நோயின் பெயரைவிட முதலில் தேடுவது இதைத்தான் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நோயின் பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள். "கொஞ்சம் சுகமில்லை" என்று எழுதினால் வாசிக்கிறவர் தனக்குத் தெரிந்த மிக மோசமான நோயை அந்த இடத்தில் போட்டு நிரப்பிக்கொள்வார்.

புற்றுநோய் மாதிரி என்றால்? அந்தச் சொல்லை எழுதவே பயமாக இருக்கிறது.

தெரியும். எங்கள் சனம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்றே காலத்தை ஓட்டுவார்கள். ஆனால் அந்த நாள்களில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த தெல்லிப்பழை ஆஸ்பத்திரி போரில் அகப்பட்டு, பலர் கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது, அதற்கு டொக்டரின் கடிதம், பாஸ், துணைக்கு ஒரு ஆள், கொழும்பில் தங்க இடம், செலவு என்று எத்தனையோ பேரின் கை வேண்டும். பெயரைச் சொல்லாமல் இவ்வளவு உதவியையும் எப்படிக் கேட்பது? சொன்ன வீடுகளுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறையாவது கிடைத்தது.

நோயாளியிடம் மற்றச் செய்திகளைச் சொல்லலாமா? உதாரணமாக, மகன் இறந்துவிட்டான், தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

இதில் நான் கடும்பிடியாக நிற்க மாட்டேன். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் சொல்லத் தேவையில்லை, ஒரு கிழமை பொறுக்கலாம். ஆனால் ஊர் முழுவதும் தெரிந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும்போது, அந்தத் தாய்க்கு மட்டும் தெரியாமல் வைத்திருப்பது கொடுமை. அவருக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்கும். பக்கத்து வாட்டுக்காரர் வாயால் தெரியவருவதற்கு முன் வீட்டு ஆள் ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிவிடுவது நல்லது.

சின்னப் பிள்ளைகளுக்கு?

சொல்லுங்கள், சின்னச் சொல்லில். ஷெல் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடத் தெரிந்த பிள்ளைக்கு அம்மப்பாவுக்கு வருத்தம் என்பதும் விளங்கும்.

2009இல் என்ன நடந்தது? அப்போது போன் இருந்ததே?

இருந்தும் பயன்படவில்லை. போரின் கடைசி மாதங்களில், 2009 பெப்ரவரி தொடங்கி மே வரை, சனங்கள் அகப்பட்டிருந்த புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து ஐசிஆர்சி கப்பலில் காயப்பட்டவர்களையும் நோயாளிகளையும் அவர்களோடு துணைக்குப் போனவர்களையும் ஏற்றினார்கள், 13,000 பேருக்கும் மேல். முதலில் திருகோணமலைக்கு, பிறகு புல்மோட்டைக்கு. அங்கிருந்து வவுனியா, செட்டிகுளம் என்று பிரித்து அனுப்பினார்கள். ஒரு வீட்டில் தாய் கப்பலில், தகப்பன் கரையில், பிள்ளைகள் வேறொரு முகாமில். யார் எந்த ஆஸ்பத்திரியில் என்று யாருக்கும் தெரியாது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்கள் ஒரு பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் எடுத்தார்கள். நானும் எடுத்தேன், ஒரு சின்ன மாமிக்காக. பதினொரு நாள் கழித்து, அடுத்த கட்டிலில் இருந்த நோயாளியின் மகள் தன் போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டு "உங்கட மாமி இங்கே இருக்கிறா, கால் காயம், சாப்பிடுறா" என்றாள். நாங்கள் யாரென்றே அவளுக்குத் தெரியாது. மாமி பாவாடை நாடாவில் முடிந்து வைத்திருந்த துண்டில் எங்கள் நம்பர் இருந்திருக்கிறது.

அதனால் போர் நடக்கும் இடத்தில் இருக்கிற உங்கள் ஆள்களிடம் சொல்லிவையுங்கள்: நம்பரைக் கடதாசியில் எழுதி உடம்போடு வைத்திருக்க வேண்டும். போன் தொலையும், சார்ஜ் இறங்கும், பாட்டியால் மனப்பாடமாகச் சொல்ல முடியாது. முழுப்பெயரும், தகப்பன் பெயரும், பிறந்த ஊரும் அதில் இருக்கட்டும். ஒரே பெயரில் ஒரு வாட்டில் மூன்று பேர் இருப்பார்கள்.

இப்போது வட்ஸ்அப் இருக்கிறதே, இதெல்லாம் பழைய கதை இல்லையா?

2023 ஒக்டோபர் 27 அன்று காசாவில் போனும் இணையமும் ஒரே நேரத்தில் நின்றுபோனதை நினைத்துப் பாருங்கள். உள்ளே தாய்க்கு டயாலிசிஸ் நடக்கிறதா என்று தெரியாமல் வெளியே ஒரு மகன் இருந்திருப்பான், அவனுடைய இரவு எனக்கு நன்றாகத் தெரியும். இணைப்பு இருக்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள், நாளைக்குச் சொல்லலாம் என்று வைக்காதீர்கள். குரல் பதிவு நல்லது, வீடியோ கனமானது, இணைப்பு மெலிந்திருக்கும்போது போகாது. பதிவில் முதல் சொல்லே திகதியாக இருக்கட்டும்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் செய்தி வாங்கி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். எல்லோரும் தனித்தனியாகக் கூப்பிட்டால் அங்கே இருக்கிறவரின் சார்ஜ்தான் போகும். அந்த ஒருவர் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, இனிப்புத் தடவவும் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டில் படத்தை முகநூலில் போடாதீர்கள், தயவுசெய்து. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் தெரியும், போர் நடக்கும் ஊரில் அது யாருக்குப் பயன்படும் என்று உங்களால் சொல்ல முடியாது. தொடர்பே அற்றுப்போனால் நீங்கள் இருக்கும் நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போய்த் தேடச் சொல்லிப் பதியலாம். அந்தச் சேவைக்குக் காசு இல்லை.

செய்தி கிடைத்த பக்கம் என்ன செய்ய வேண்டும்?

"ஏன் முதலே சொல்லவில்லை" என்று முதல் வாயிலேயே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்கள் அடுத்ததையும் மறைப்பார்கள். என்ன சாப்பிடுகிறார், நித்திரை வருகிறதா, இரவில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களிடம் சொல்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவரும் ஷெல்லுக்குள்தான் நிற்கிறார்.

இறந்துவிட்டால்?

நாளும் நேரமும் எழுதி அனுப்புங்கள். திவசம் திதிப்படி என்பதால் நேரம் முக்கியம், தூரத்தில் இருப்பவருக்குச் செய்ய மிஞ்சியிருப்பது அதுதான். அப்பாவின் செய்தி அண்ணாவுக்குப் போய்ச் சேர்ந்தது டிசம்பரில், வவுனியாவிலிருந்து ஒருவர் எடுத்த போனில். நேரம் சொல்ல மறந்துவிட்டார். முதல் இரண்டு வருடமும் அண்ணா பிழையான திதியில் சோறு படைத்தார்.

இத்தனை வருடம் கழித்து, மறைத்ததை இப்போது சொல்லலாமா?

சொல்லலாம். 2002 ஏப்ரலில் பாதை திறந்தது, அந்த ஆடியில் அண்ணா வந்தார். மறுநாள் இரவு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தபோது, ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் வந்த "யாவரும் நலம்" கடிதங்களை அப்பா கட்டிலில் கிடக்கும்போதுதான் எழுதினேன் என்று சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும், அப்பாவின் கையெழுத்து இல்லை என்று அன்றே சந்தேகப்பட்டிருக்கிறார். கோபப்பட்டார், எழுந்து போய்க் கிணற்றடியில் கனநேரம் நின்றார். திரும்பி வந்து எந்த வாட்டு என்று கேட்டார், ஜன்னல் பக்கக் கட்டிலா என்று கேட்டார், கடைசி நாள்களில் என்ன குடித்தார் என்று கேட்டார். இளநீர் என்றேன். யார் பருக்கினது என்று கேட்டார். நான்தான், கரண்டியால், இடது பக்க வாயால் என்றேன். விடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார்.